ஏழு மணி என்றால் எந்த ஏழு மணி?

கேள்வி: வணக்கம் சார். மூன்று மாதம் முன்பு சமையலறை அலமாரிக்குள் பதிக்கிற பில்ட்-இன் எலக்ட்ரிக் ஓவன் ஒன்று வாங்கினோம். ஒன்பது வகைச் செயல்பாடு, டைமர் எல்லாம் இருக்கிறது. போன வாரம் காலை எட்டரைக்கு வேலைக்குக் கிளம்பும்போது மசாலா தடவிய கோழித் துண்டுகளை உள்ளே வைத்து, ஒரு மணி நேரம் வேக வேண்டும், 7:00 மணிக்கு முடிய வேண்டும் என்று டைமரில் போட்டுவிட்டுப் போனேன். மாலை வந்து திறந்தால் கோழி பச்சையாக அப்படியே இருந்தது. கொட்டிவிட்டேன். "இப்போது வேகவைத்தால் போகிறது, எதற்கு வீணாக்குகிறாய்" என்று அத்தைக்கு வருத்தம். நான் செய்தது சரியா? டைமரில் என்ன தப்பு? கரண்ட் போய் வந்தால் ஓவன் சூடாவதே இல்லை, திரையில் ஏதோ மின்னிக்கொண்டே இருக்கிறது. அணைத்த பிறகும் ஃபேன் ஓடுவதால் மெயின் சுவிட்சை அணைத்துவிடுகிறேன். ஒரு மாதம் வெளியூர் போய்வந்து முதல் தடவை போட்டபோது வீட்டு மின்சாரமே டிரிப் ஆனது. வீட்டில் நாலு வயதுக் குழந்தை உண்டு, பயமாக இருக்கிறது.

பதில்: முதலில் கோழி. கொட்டியது சரிதான், அதில் கொஞ்சம்கூட வருத்தப்பட வேண்டாம். இறைச்சி, மீன், முட்டை, பால் சேர்ந்தது எதுவானாலும் 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிடந்தால் கிருமி பெருகும். சூடும் ஈரமும் தோதாக அமைந்தால் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பாகிற கிருமிகள் இருக்கின்றன. வெளியே வைக்கிற மொத்த நேரம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்பது வழக்கமான கணக்கு. உங்கள் கோழி பத்து மணி நேரம் மூடிய பெட்டிக்குள் இருந்திருக்கிறது. "வேகவைத்தால் கிருமி செத்துவிடுமே" என்று அத்தை நினைப்பதில் பாதி உண்மை இருக்கிறது. கிருமி சாகும், ஆனால் சில கிருமிகள் அதற்குள் விட்டுவைத்த நஞ்சு சூட்டுக்கு அழியாது, கொதிக்கவைத்தாலும் அப்படியே இருக்கும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் வருவது அதனால்தான். நாலு வயதுக் குழந்தை இருக்கிற வீட்டில் அந்தக் கோழி குப்பைக்குப் போனதே நல்லது என்று அத்தையிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

சரி, ஏன் வேகவில்லை? உங்கள் டைமர் 24 மணி நேரக் கடிகாரம். மாலை ஏழு அதற்கு 19:00. நீங்கள் 7:00 என்று போட்டீர்கள், அப்போது மணி காலை எட்டரை, அன்றைய 7:00 ஏற்கெனவே போய்விட்டது, அதனால் அடுத்த 7:00, அதாவது மறுநாள் காலை என்று ஓவன் எடுத்துக்கொண்டது. ஒரு மணி நேரச் சமையல் என்பதால் மறுநாள் காலை ஆறு மணிக்குத் தொடங்கக் காத்திருந்திருக்கும். ஓவன் மேல் தப்பே இல்லை, சொன்னதைச் செய்யத் தயாராகத்தான் இருந்தது.

ஆனால் ஒன்று சொல்கிறேன், இதுதான் உங்கள் கடிதத்துக்கு நான் சொல்ல விரும்பும் முக்கியமான பதில். நீங்கள் 19:00 என்று சரியாகவே போட்டிருந்தாலும் அந்தக் கோழியைச் சாப்பிட்டிருக்கக் கூடாது. 18:00 மணிக்குத்தான் ஓவன் சூடாகத் தொடங்கும். அதுவரை ஒன்பதரை மணி நேரம் கோழி பச்சையாக உள்ளேயே கிடந்திருக்கும். வீட்டுக்குள் நுழையும்போது கமகமவென்று மணக்கும், மேலே பொன்னிறமாக முறுவலாக இருக்கும், சந்தேகப்படவே தோன்றாது. தப்பாகப் போட்டதால் தப்பித்தீர்கள். ஓவன் என்பது சூடாக்கும் பெட்டி, ஃப்ரிட்ஜ் கிடையாது. தாமதமாகத் தொடங்கும் புரோகிராமைக் கையேட்டில் பெரிய வசதியாகப் போட்டிருப்பார்கள், அதை உருளைக்கிழங்கு, கேரட், பூசணி மாதிரிக் காய்கறிகளுக்கு, அதுவும் ஒன்றிரண்டு மணி நேரத் தாமதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கேக் மாவுக்கும் அது ஒத்துவராது. பேக்கிங் பவுடர் சேர்த்துக் கரைத்த மாவு காத்திருக்கக் காத்திருக்க வாயுவை விட்டுவிடும், கேக் எழும்பாது, முட்டையும் பாலும் இருப்பதால் முதலில் சொன்ன ஆபத்தும் உண்டு.

கோழி என்று வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன்: வெந்ததா இல்லையா என்று நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், நடுப்பகுதி 74 டிகிரி தொட்டிருக்க வேண்டும். குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி எலும்பில் படாமல் சதையின் நடுவில் குத்திப் பாருங்கள்.

இனி டைமர். நான் இந்த ஓவன்களைப் பொருத்தவும் பழுது பார்க்கவும் போகிற வீடுகளில் பாதிப் புகார் டைமர் புரியாததால் வருவதுதான். உங்களுடையதில் மூன்று வகை நேரம் இருக்கும். அடிக்கிற மணியின் படம் போட்ட பட்டன் வெறும் அலாரம். அது நேரம் முடிந்ததும் கத்தும், அவ்வளவுதான், ஓவனை அணைக்காது. இதை நம்பிக் கடைக்குப் போய்த் திரும்பி வந்து கரிக்கட்டையைப் பார்த்தவர்கள் எனக்குத் தெரிந்தே சிலர் இருக்கிறார்கள். இரண்டாவது கால அளவு. பல மாடல்களில் பாத்திரப் படமாக இருக்கும், சிலவற்றில் இரண்டு நிமிர்ந்த கோடுகளுக்கு நடுவில் ஓர் அம்பு. இதில் 40 நிமிடம் என்று போட்டால் ஓவன் இப்போதே தொடங்கி 40 நிமிடம் கழித்துத் தானே அணையும். மூன்றாவது முடியும் நேரம், அம்பு போய் ஒரு கோட்டில் முட்டுகிற மாதிரிப் படம். கால அளவையும் இதையும் சேர்த்துப் போட்டால் எப்போது தொடங்க வேண்டும் என்று ஓவன் கழித்துப் பார்த்துக்கொள்ளும். 45 நிமிடம், முடிவு 12:30 என்றால் 11:45க்குத் தொடங்கும்.

அன்றாடத்துக்கு நடுவில் இருக்கிற கால அளவு ஒன்றே போதும். எதைச் சுட்டாலும் அதைப் போட்டுவிடுங்கள். நீங்கள் மறந்தாலும் ஓவன் அணைந்துவிடும் என்பதுதான் இந்த டைமரால் கிடைக்கிற உண்மையான பாதுகாப்பு.

இதைப் படித்ததோடு விடாமல், கீழே சொல்லும் எலக்ட்ரீஷியன் சோதனை முடிந்த பிறகு, வீட்டில் இருக்கிற ஒரு நாளில் காலி ஓவனை வைத்து ஒத்திகை பாருங்கள். கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று பார்த்து, செயல்பாட்டு நாபை ஃபேன் படத்திலும் சூட்டு நாபை 100 டிகிரியிலும் வைத்து, கால அளவு 5 நிமிடம், முடிவு இப்போதிலிருந்து 10 நிமிடம் கழித்து என்று போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்காது, அப்புறம் விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், முடிந்ததும் கூவும். ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு குழப்பமே வராது.

அந்த ஒத்திகையில் கடைசிக் கட்டத்தைக் கவனமாகப் பாருங்கள். புரோகிராம் முடிந்து கூவும்போது நாப்கள் இரண்டும் நீங்கள் வைத்த இடத்திலேயே இருக்கும். டைமர்தான் மின்சாரத்தைத் தடுத்து நிறுத்தியிருக்கிறது. அந்த நிலையில் நீங்கள் கூவலை நிறுத்தி டைமரைச் சாதாரண நிலைக்குக் கொண்டுவந்தால், நாப் 100 டிகிரியிலேயே இருப்பதால் ஓவன் மறுபடி சூடாகத் தொடங்கிவிடும்! அதனால் வரிசை இதுதான்: முதலில் இரண்டு நாப்பையும் பூஜ்யத்துக்குத் திருப்புங்கள், அப்புறம் டைமரைத் தொடுங்கள். இந்த வரிசை மாறியதால் நடந்த ஒன்றைப் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டில் ஆறிப்போன ஓவனை அலமாரி மாதிரிப் பயன்படுத்தி பிளாஸ்டிக் டப்பாக்களை அடுக்கி வைத்திருந்தார்கள். கரண்ட் போய் வந்து திரை மின்னியிருக்கிறது, வீட்டில் யாரோ எதையோ அழுத்தி அதைச் சரிசெய்திருக்கிறார்கள், நாப் திருப்பியபடியே இருந்ததை யாரும் பார்க்கவில்லை. நான் போனபோது டப்பாக்கள் எல்லாம் உருகிக் கம்பித் தட்டு வழியாகச் சொட்டி, அடியில் ஒரே பாளமாக உறைந்திருந்தது. புகை வந்ததும் ஒருவர் ஓடிப்போய் மெயினை அணைத்ததால் அதோடு போனது. ஓவனுக்குள் எதையும் வைத்துச் சேமிக்காதீர்கள், ட்ரேயைத் தவிர.

கரண்ட் போய் வந்தால் சூடாகாததற்கும் காரணம் இந்த டைமர்தான். கரண்ட் போனால் கடிகாரம் நேரத்தை மறந்துவிடும், 0:00 மின்னும், பல மாடல்களில் பக்கத்தில் ஆங்கில ஏ எழுத்தும் மின்னும். நேரம் தெரியாத டைமர் ஓவனுக்கு மின்சாரத்தை விடாது. இது நல்லதுக்குத்தான், நீங்கள் இல்லாத நேரத்தில் கரண்ட் வந்து ஓவன் தானாகப் பற்றிக்கொள்ளாமல் இருக்க. மறுபடி நேரத்தை வைத்து, கையால் இயக்கும் நிலைக்கு மாற்றினால் போதும். ஐந்தாறு பட்டன் உள்ள பல டைமர்களில் நடுவில் இருக்கிற இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தினால் அந்த நிலைக்கு வரும், சிலவற்றில் கை படம் போட்ட பட்டன் தனியாகவே இருக்கும். நாப்கள் பூஜ்யத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள். அதற்கப்புறமும் விளக்கும் ஃபேனும் வேலை செய்து, சூடு மட்டும் வரவில்லை என்றால், கடையில் காட்சிக்கு வைக்கும் டெமோ நிலையில் மாட்டிக்கொண்டிருக்கலாம். அதிலிருந்து வெளியே வரும் முறை கையேட்டில் இருக்கும். ஓவன் கெட்டுவிட்டது என்று என்னைக் கூப்பிட்ட ஒரு புது வீட்டில் பிரச்சினை அவ்வளவுதான், வேறு ஒன்றுமில்லை.

ஃபேன் விஷயத்தில் உங்கள் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். அணைத்த பிறகு ஓடுவது சமைக்கிற ஃபேன் இல்லை, ஓவனின் மேலே இருக்கிற குளிரூட்டும் ஃபேன். ஓவனைச் சுற்றி மர அலமாரி, அதன் தலைமேல் மின்னணுப் பலகை, கதவுக்கு மேலே டைமர். உள்ளே 200 டிகிரி இருக்கும்போது மெயினை அணைத்தால் அந்தச் சூடு மேலே ஏறி இவற்றைத்தான் வறுக்கும். ஃபேன் கதவுக்கும் மேல் பலகைக்கும் நடுவில் இருக்கிற ஒடுக்கமான இடைவெளி வழியாக வெப்பக் காற்றை வெளியே தள்ளுகிறது, கையை வைத்துப் பார்த்தால் தெரியும். சூடு தணிந்ததும் அதுவே நின்றுவிடும், அரை மணி நேரம் ஆனாலும் ஓடட்டும். கைப்பிடியில் துண்டு தொங்கவிடுகிற பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள், அந்த இடைவெளியை அது அடைத்துக்கொள்ளும். அலமாரியின் பின்பக்கத்திலும் அடியிலும் காற்றுக்கு விட்டிருக்கிற வழியில் பை, டப்பா எதையும் திணிக்க வேண்டாம்.

ஒரு மாதம் கழித்துப் போட்டபோது டிரிப் ஆனது பற்றி. எது விழுந்தது என்று பார்த்தீர்களா? எம்சிபி, அதாவது ஒவ்வொரு லைனுக்கும் இருக்கிற சின்னப் பாதுகாப்புச் சுவிட்ச் விழுந்தால் பளு அதிகம் அல்லது எங்கோ ஷார்ட். ஆர்சிசிபி, அதாவது டெஸ்ட் பட்டன் வைத்த அகலமான சுவிட்ச் விழுந்தால் எங்கோ மின்கசிவு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இரண்டாவதாக இருக்கவே அதிக வாய்ப்பு. ஓவனைச் சூடாக்குகிற காயிலின் உலோகக் குழாய்க்குள் கம்பியைச் சுற்றி மக்னீசியம் ஆக்சைடு பொடியை அடைத்திருப்பார்கள். அந்தப் பொடிக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. ஒரு மாதம் சும்மா கிடந்தால் காற்றின் ஈரம் காயிலின் முனை வழியாக உள்ளே போய், சூடாக்கும்போது கொஞ்சம் மின்சாரம் எர்த்துக்குக் கசியும். வீடுகளில் போடுகிற ஆர்சிசிபி பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர், அந்தக் கசிவே அதற்குப் போதும். ஈரம் காய்ந்தால் சரியாகிவிடுகிற காயிலும் உண்டு, விரிசல் விட்டதால் மாற்றியே தீர வேண்டிய காயிலும் உண்டு, வெளியிலிருந்து பார்த்து எது என்று சொல்ல முடியாது. அதனால் திரும்பத் திரும்பச் சுவிட்சைத் தூக்கிவிட்டுப் பார்க்காதீர்கள், எலக்ட்ரீஷியன் வந்து மின்காப்பை அளக்கிற மெக்கர் கருவியை வைத்து ஒவ்வொரு காயிலாக அளக்கட்டும். "ஆர்சிசிபியைக் கழற்றி நேராகக் கொடுத்துவிடலாம், டிரிப் ஆகாது" என்று யாராவது சொன்னால் அவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். அந்தச் சுவிட்ச் உங்கள் குழந்தையின் உயிருக்குக் காவல்.

அவர் வரும்போதே இணைப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். கதவைத் திறந்தால் விளிம்பில் ஒரு சின்னத் தகடு இருக்கும், அதில் வாட் எழுதியிருக்கும். 3000 வாட் ஓவன் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். அதற்குத் தனி ஒயர், தனி எம்சிபி, உறுதியான எர்த் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மல்டி பிளக் எதுவும் கூடாது. பிளக்கில் மாட்டியிருந்தால், அரை மணி நேரம் ஓட்டி அணைத்த பிறகு அதைத் தொட்டுப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடோ பழுப்பு நிறமோ இருந்தால் சாக்கெட்டை மாற்றும்வரை ஓவனைத் தொட வேண்டாம்.

ஒன்பது செயல்பாட்டில் உங்களுக்குத் தினமும் தேவைப்படுவது மூன்று. மேலும் கீழும் ஒவ்வொரு கோடு போட்ட படம் சாதாரணச் சூடு, கேக்குக்கு அதுதான் ராசி. வட்டத்துக்குள் ஃபேன் இருந்தால் பின்பக்கக் காயிலின் சூட்டை ஃபேன் எல்லா இடத்துக்கும் பரப்பும், இரண்டு ட்ரே பிஸ்கட்டை ஒரே நேரத்தில் சுட ஏற்றது. இதில் குறிப்பில் சொன்ன சூட்டிலிருந்து 20 டிகிரி குறைத்து வையுங்கள். மேலே வளைந்து வளைந்து போகிற கோடு கிரில், கடைசி ஐந்து நிமிட முறுவலுக்கு. பனித்துளி அல்லது பனிப்பூ படம் உறைந்ததை இளக்குவதற்கு. அதில் பெரும்பாலும் ஃபேன் மட்டும்தான் ஓடும், சூடு இருக்காது, இறைச்சியை அதில் மணிக்கணக்கில் விட்டால் கோழிக் கதைதான் மறுபடியும். உறைந்த இறைச்சியை ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில் வைத்து இளக்குங்கள்.

அப்புறம் அலுமினியம் ஃபாயிலை ஓவனின் அடித்தளத்தில் விரிக்காதீர்கள், ட்ரேயையும் தரையில் வைக்காதீர்கள். அடிக்காயில் பல ஓவன்களில் அந்தத் தகட்டுக்கு அடியில் மறைந்திருக்கிறது. மேலே மூடினால் சூடு வெளியேற வழியில்லாமல் எனாமல் வெடித்து உரியும். சூடான கண்ணாடிப் பாத்திரத்தை ஈரமான மேடையில் வைக்காதீர்கள், பட்டென்று சிதறும். பட்டர் பேப்பர் பெரும்பாலும் 220 டிகிரி வரைதான் தாங்கும், பெட்டியில் எழுதியிருக்கும் அளவைப் பாருங்கள்.

குழந்தைக்காகச் சாவி படம் போட்ட பட்டனை மூன்று நாலு விநாடி அழுத்திப் பூட்டிப் பாருங்கள், உங்கள் மாடலில் இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அந்தப் பூட்டு பட்டன்களை மட்டும்தான் பூட்டும், கதவை அல்ல. கதவின் கண்ணாடி வெளிப்பக்கமும் சுடும், அணைத்த பிறகும் வெகுநேரம். ஓவன் ஓடும்போது முன்னால் ஒரு மீட்டர் இடம் குழந்தைக்குக் கிடையாது என்று கோடு போட்டுச் சொல்லிவையுங்கள். தரையில் கலர் டேப் ஒட்டிக் காட்டினால் நாலு வயதுக்கு நன்றாகவே புரியும். நீங்கள் திறக்கும்போதும் பக்கவாட்டில் நின்று முதலில் ஒரு விரற்கடை திறந்து ஆவி போகவிட்டு அப்புறம் முழுதாகத் திறங்கள், முகத்துக்கு நேரே வருகிற அந்த முதல் ஆவிதான் சுட்டுவிடும்.

உள்ளே படிந்த அழுக்கைச் சாம்பலாக்குகிற பைரோலிட்டிக் சுத்தம் என்ற வசதி இருந்தால் அது உள்ளே ஏறத்தாழ 500 டிகிரிக்குப் போகும், கதவு தானே பூட்டிக்கொள்ளும். ட்ரே, கம்பித் தட்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்து, வழிந்த எண்ணெயைத் துடைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, குழந்தை தூங்குகிற நேரமாகப் பார்த்துப் போடுங்கள், நீங்கள் விழித்திருங்கள். வீட்டில் கிளியோ வேறு பறவையோ இருந்தால் அன்றைக்கு வேறு வீட்டில் விடுங்கள், அந்தப் புகை பறவைகளின் நுரையீரலுக்கு ஆகவே ஆகாது.

உள்ளே எப்போதாவது தீப்பிடித்தால் கதவைத் திறக்கவே கூடாது. நாபைத் திருப்பி அணைத்து, மெயினையும் அணைத்துவிடுங்கள். அப்போது மட்டும் குளிரூட்டும் ஃபேனைப் பற்றி யோசிக்க வேண்டாம். காற்று கிடைக்காமல் தீ தானே அடங்கும். தண்ணீர் ஊற்றக் கூடாது. அடங்கவில்லை, புகை கூடுகிறது என்றால் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே போய்த் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுங்கள்.

ஓவனை ஓடவிட்டு வெளியே போகலாமா என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் அன்று செய்தது அதைத்தான். வேண்டாம். தானே அணையும் டைமர் இருந்தாலும் வேண்டாம். வேறு அறையில் இருக்கலாம், குளிக்கலாம், வாசனை வந்தால் தெரிகிற தூரத்தில் யாராவது பெரியவர் இருக்க வேண்டும். வேலை முடிந்து வந்ததும் சூடாகச் சாப்பிட வேண்டும் என்றால், காலையில் மசாலா தடவிய கோழியை மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போங்கள். வந்ததும் ஓவனை ப்ரீஹீட் போட்டுவிட்டு உடை மாற்றி வருவதற்குள் அது தயாராகிவிடும், அப்போது எடுத்து உள்ளே வைத்து, கால அளவைப் போடுங்கள். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே கூடுதலாகும், அதில் குழந்தையின் பாடத்தைப் பார்த்துவிடலாம்.

எலக்ட்ரீஷியன் அளந்து பார்த்த பிறகு எந்தச் சுவிட்ச் விழுந்தது, எந்தக் காயிலில் கசிவு காட்டியது என்று எழுதுங்கள், மாற்ற வேண்டுமா என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை ஓவனின் மெயின் சுவிட்ச் அணைந்தே இருக்கட்டும்.